ராக்எஃப்: யூசர் ஐடி, ப்ரொஃபைல், அனுமதி – திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்குள் யார் வரலாம், வந்தவர் எதைத் தொடலாம் என்று முடிவு செய்வது ராக்எஃப். 1976இல் வந்த மென்பொருள். இன்றைய மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸிலும் அடிப்படை விதிகள் பெரிதாக மாறவில்லை. இதே வேலைக்கு ஏசிஎஃப்2, டாப் சீக்ரெட் ஆகியவையும் உண்டு. அவற்றின் ஆணைகளும் தர்க்கமும் வேறு என்பதால் இங்கே ராக்எஃப் மட்டும்.

பாதுகாப்பு டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்தவர்களும், டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கும் டெவலப்பர்களும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறோம். ஆணைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். உதாரணங்களில் வரும் `பே.ப்ராட்` என்பது சம்பளக் கணக்கின் டேட்டாசெட்கள் (மெயின்ஃப்ரேமில் கோப்புகளுக்கு இந்தப் பெயர்), `பேரீட்`, `பேஅப்` என்பவை குரூப்கள், `ஏ1234` ஒரு யூசர் ஐடி. எல்லாம் கற்பனைப் பெயர்கள்.

யூசர் ப்ரொஃபைல்னு சொல்றாங்க, டேட்டாசெட் ப்ரொஃபைல்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ராக்எஃப் தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ப்ரொஃபைல் என்றுதான் பெயர். யூசர், குரூப், டேட்டாசெட், பொது ரிசோர்ஸ் என்று நான்கு வகை. சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளை ஓட்டும் மென்பொருள்) டிரான்சாக்‌ஷன், டிஎஸ்ஓ (திரையில் ஆணை தட்டி வேலை செய்யும் சூழல்) லாகான் ப்ரொசீஜர் போன்றவை நான்காவது வகையில், தனித்தனி கிளாஸ்களில் இருக்கும்.

யூசர் ப்ரொஃபைல் ஆளைப் பற்றியது: பெயர், ஓனர், டிஃபால்ட் குரூப், சிறப்பு அதிகாரங்கள், கடைசியாக உள்ளே வந்த தேதி. "இவர் எந்த டேட்டாசெட்டைப் படிக்கலாம்" என்ற விவரம் அதில் இருக்காது. அது டேட்டாசெட் ப்ரொஃபைலின் ஆக்சஸ் லிஸ்ட்டில் இருக்கும். பூட்டின் மேல்தான் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, சாவிக்கொத்து ஆளின் கையில் இல்லை. பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு வேர் இதுதான்.

புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார். ஐடி போட என்னென்ன வேணும்?

`ஆட்யூசர்` ஆணையில் ஐடி, முழுப்பெயர், டிஃபால்ட் குரூப், ஓனர், தற்காலிக பாஸ்வேர்டு. ஐடி 8 எழுத்துவரை போகலாம். டிஎஸ்ஓ நெடுங்காலம் 7 எழுத்துக்கு மேல் ஏற்றதில்லை என்பதால் பல நிறுவனங்கள் இன்னும் 7-இலேயே நிற்கின்றன. டிஎஸ்ஓ வேண்டுமென்றால் டிஎஸ்ஓ செக்மென்ட்டில் அக்கவுன்ட் எண், லாகான் ப்ரொசீஜர், ரீஜன் அளவு கொடுக்க வேண்டும். அந்த செக்மென்ட் இல்லாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் டிஎஸ்ஓ உள்ளே விடாது. செக்மென்ட்டில் எழுதினால் மட்டும் போதாது: அக்கவுன்ட் எண்ணும் ப்ரொசீஜரும் ராக்எஃப் கிளாஸ்களில் காக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கும் ரீட் அனுமதி வேண்டும்.

யூனிக்ஸ் பக்கம், அதாவது எஃப்டிபி, எஸ்எஸ்எச் போன்றவை தேவைப்பட்டால் ஓஎம்விஎஸ் செக்மென்ட்டில் யூஐடி (யூனிக்ஸ் யூசர் எண்) வேண்டும். அவருடைய குரூப்புக்கும் ஜிஐடி (யூனிக்ஸ் குரூப் எண்) வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு ஆளின் ஐடியையே நோண்டிக்கொண்டிருப்பது அன்றாடக் காட்சி.

இரண்டு எச்சரிக்கைகள். ஓனரைக் குறிப்பிடாவிட்டால் ஆணையைத் தட்டியவரே ஓனர் ஆகிவிடுவார். நிர்வாகி வேலையை விட்டுப் போகும்போது நூற்றுக்கணக்கான ஐடிகள் அவர் பெயரில் நிற்கும். ஆகவே ஓனராக எப்போதும் ஒரு குரூப்பைக் கொடுங்கள். அடுத்தது, பாஸ்வேர்டு கொடுக்காமல் விட்டால் பழைய வெளியீடுகளில் டிஃபால்ட் குரூப்பின் பெயரே பாஸ்வேர்டாகிவிடும். புதியவற்றில் யாரும் லாகான் செய்ய முடியாத ப்ரொடெக்டெட் ஐடியாக உருவாகும்.

ரீட், அப்டேட், ஆல்டர்... எதைக் கேக்கிறதுன்னே தெரியலை.

கீழிருந்து மேலாக: நன், எக்ஸிக்யூட், ரீட், அப்டேட், கன்ட்ரோல், ஆல்டர். எக்ஸிக்யூட் என்பது லோட் லைப்ரரியில் உள்ள ப்ரோகிராமை ஓட்ட மட்டும். கன்ட்ரோல் விசாம் என்ற தனி வகைக் கோப்புகளுக்கே பொருள் தரும். மற்றவற்றில் அது அப்டேட்டுக்குச் சமம்.

ரீட் என்றால் "பார்க்க மட்டும்" என்று நினைத்துத் தாராளமாகக் கொடுப்பவர்கள் அதிகம். படிக்க முடிந்தவர் நகலெடுக்கவும் முடியும். நகல் அவருடைய சொந்தப் பெயரின் கீழ் போய்விட்டால் உங்கள் ப்ரொஃபைல் அதைக் காக்காது. அப்டேட் உள்ளவர் டேட்டாசெட்டை அழிக்க முடியாது, ஆனால் பிடிஎஸ் (பல மெம்பர்களைக் கொண்ட லைப்ரரி) என்றால் அதிலுள்ள மெம்பர்களை ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ அழிக்க முடியும். டேட்டாசெட்டையே உருவாக்க, அழிக்க, பெயர் மாற்ற ஆல்டர் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்கும் பேட்ச் ஜாபுக்கு அப்டேட் கொடுத்துவிட்டு "இன்னும் ஏன் விழுகிறது" என்று தேடுவதன் காரணம் இதுதான்.

பாஸ்வேர்டு 8 எழுத்துக்கு மேல வைக்கவே முடியாதா?

பாஸ்வேர்டு என்றால் 8தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாஸ்வேர்டு ஃப்ரேஸ் என்ற தனி ஏற்பாடு: இயல்பாக 14 முதல் 100 எழுத்துவரை. ஒரே ஐடிக்கு இரண்டும் இருக்கலாம். எல்லா அப்ளிகேஷனும் ஃப்ரேஸை ஏற்காது என்பதால், பாஸ்வேர்டை நீக்குமுன் அந்த ஆள் நுழையும் ஒவ்வொரு வாசலையும் சோதித்துப் பாருங்கள். கூடவே, பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் முறை கேடிஎஃப்ஏஇஎஸ்ஸா என்று ராக்எஃப்பின் பொது அமைப்புகளைக் காட்டும் `செட்ராப்ட்ஸ் லிஸ்ட்` வெளியீட்டில் பார்ப்பது நல்லது. பழைய டிஇஎஸ் முறையிலேயே இருந்தால், தரவுத்தளத்தின் நகல் ஒன்று வெளியே போனாலே ஆபத்து.

பாஸ்வேர்டு ரீசெட் பண்ணிட்டேன். ஆனாலும் ரிவோக்டுன்னே வருதாமே?

ரீசெட் வேறு, பூட்டிய (ரிவோக் ஆன) ஐடியைத் திறக்கும் ரெஸ்யூம் வேறு. தவறான பாஸ்வேர்டைப் பலமுறை போட்டதால் ஐடி பூட்டப்பட்டிருந்தால், புது பாஸ்வேர்டு மட்டும் அந்தப் பூட்டைத் திறக்காது. இரண்டையும் ஒரே வரியில் கொடுங்கள்: `ஆல்ட்யூசர் ஏ1234 பாஸ்வேர்டு(...) ரெஸ்யூம்`. இப்படிக் கொடுத்த பாஸ்வேர்டு காலாவதியானதாகவே பதிவாகும். யூசர் முதல்முறை நுழையும்போதே மாற்றியாக வேண்டும். `நோஎக்ஸ்பயர்ட்` சேர்த்தால் அந்தக் கட்டாயம் போய்விடும். உதவி டெஸ்க் அதைப் பழக்கமாக்கிக்கொண்டால், யூசரின் நிலையான பாஸ்வேர்டு டெஸ்க்கில் இருப்பவருக்கும் தெரிந்ததாகிவிடும்.

திறந்த சில நிமிடங்களில் மறுபடியும் பூட்டிக்கொள்கிறதா? எங்கோ ஒரு ஸ்கிரிப்டோ எஃப்டிபி ஜாபோ பழைய பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை எத்தனை முறை ரெஸ்யூம் செய்தாலும் வீண்.

லிஸ்ட்யூசர்ல ரிவோக்டுன்னே இல்லை. யூசருக்கு மட்டும் ரிவோக்டுன்னு வருது. எப்படி?

மூன்று இடங்களில் பாருங்கள். முதலாவது, செயலற்ற காலம். `செட்ராப்ட்ஸ் இன்ஆக்டிவ்(90)` என்று வைத்திருந்தால், 91ஆம் நாள் காலையில் ராக்எஃப் எழுந்து எல்லா ப்ரொஃபைலிலும் முத்திரை குத்துவதில்லை. அந்த ஆள் அடுத்து நுழைய முயலும் தருணத்தில்தான் கணக்குப் பார்த்துத் தடுக்கும். ஆகவே லாஸ்ட்-ஆக்சஸ் தேதியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, குரூப் இணைப்பு. ஐடி நன்றாக இருக்கும். ஆனால் டிஃபால்ட் குரூப்புடனான கனெக்ட் ரிவோக் ஆகியிருக்கும். லிஸ்ட்யூசர் வெளியீட்டின் கீழ்ப்பகுதியில் குரூப் வாரியாக வரும் வரிகளில் அது தெரியும். அதை `கனெக்ட் ... ரெஸ்யூம்` கொண்டு சரிசெய்ய வேண்டும். ஆல்ட்யூசர் அதைத் தொடாது.

மூன்றாவது, தேதி. ரிவோக் தேதியை மாதம்/நாள்/ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கு டிசம்பர் 3 என்று நினைத்து 03/12 என்று தட்டினால், அது மார்ச் 12. நாள் 12-க்கு மேல் இருந்தால் ஆணையே பிழை சொல்லும். 12 வரை உள்ள நாட்களில் சத்தமில்லாமல் தவறான தேதி ஏறிவிடும். நாளை முதலில் எழுதிப் பழகிய நமக்கு இது நிரந்தரக் கண்ணி. பழைய ரிவோக் தேதியை மொத்தமாகத் துடைக்க `நோரிவோக்` உண்டு.

உதவி டெஸ்க்குக்கு ரீசெட் பண்ற வேலை மட்டும் கொடுக்கணும். ஸ்பெஷல் கொடுத்தாதான் முடியுமா?

வேண்டவே வேண்டாம்; ஸ்பெஷல் என்பது எந்த ப்ரொஃபைலையும் மாற்றும் அதிகாரம். ஃபெசிலிட்டி கிளாஸில் `ஐஆர்ஆர்.பாஸ்வேர்டு.ரீசெட்` என்று ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, உதவி டெஸ்க் குரூப்புக்கு ரீட் கொடுங்கள். பாஸ்வேர்டை ரீசெட் செய்யவும் ரெஸ்யூம் செய்யவும் அது போதும். முன்பு சொன்ன நோஎக்ஸ்பயர்டைப் பயன்படுத்த அப்டேட் வேண்டும், அதைக் கொடுக்காதீர்கள். ஸ்பெஷல், ஆபரேஷன்ஸ், ஆடிட்டர் அதிகாரம் உள்ள ஐடிகளையும் ப்ரொடெக்டெட் ஐடிகளையும் இந்த வழியில் தொட முடியாது. அந்தத் தடுப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது.

எல்லா யூசரையும் அல்ல, குறிப்பிட்ட பிரிவினரை மட்டும் என்றால் `ஐஆர்ஆர்.பீடபிள்யூரீசெட்.ஓனர்` என்று தொடங்கும் ப்ரொஃபைல் உதவும். எந்தக் குரூப் ஓனராக இருக்கிறதோ அந்த ஐடிகளை மட்டும் ரீசெட் செய்யலாம். ஓனராகக் குரூப்பைக் கொடுக்கச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கும்.

ஐசிஎச்408ஐ செய்தி வந்திருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

அனுமதி மறுக்கப்பட்டதை ராக்எஃப் சொல்லும் செய்தி இது. ஒரு வரியையும் விடாமல் படியுங்கள், முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கும். முதல் வரியில் யூசர், குரூப், பெயர். இந்த யூசர் உண்மையிலேயே நீங்கள் நினைக்கும் ஆளா என்று முதலில் பாருங்கள். பேட்ச் ஜாப் வேறு ஐடியில் ஓடியிருக்கலாம். அடுத்து டேட்டாசெட்டின் பெயரும் கிளாஸும். பிறகு `ஃப்ரம்` என்று ஒரு வரி: எந்த ப்ரொஃபைல் தடுத்தது என்பது. கடைசியில் இரண்டு சொற்கள்: இன்டென்ட், அலவ்ட். கேட்டது என்ன, இருப்பது என்ன என்று அர்த்தம்.

டெவலப்பர்கள் பெரும்பாலும் "எஸ்913 வந்தது" என்று மட்டும் டிக்கெட்டில் எழுதுவார்கள். 913 என்பது அனுமதி மறுப்பு என்ற தகவல் மட்டுமே. ஐசிஎச்408ஐ செய்தியை முழுதாக ஒட்டச் சொன்னால் இரண்டு நாள் கடிதப் போக்குவரத்து மிச்சம். குறிப்பாக ஃப்ரம் வரி: நீங்கள் அனுமதி கொடுத்த ப்ரொஃபைல் ஒன்று, தடுத்தது இன்னொன்று என்பது அங்கேதான் வெளிப்படும்.

குரூப்புக்கு அப்டேட் இருக்கு, அவரும் குரூப்ல இருக்கார். ஆனா ரீட்தான் வேலை செய்யுது. ஏன்?

பட்டியலில் அவருடைய சொந்த ஐடியும் ரீட் என்று இருக்கும். எப்போதோ யாரோ நேரடியாகக் கொடுத்தது. ராக்எஃப் அனுமதிகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆக்சஸ் லிஸ்ட்டில் யூசரின் ஐடி இருந்தால் அந்த வரிதான் தீர்ப்பு. குரூப்புக்கு அதைவிட அதிகம் இருந்தாலும் கணக்கில் வராது.

வரிசையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் குளோபல் ஆக்சஸ் டேபிள்: அங்கே போதுமான அனுமதி இருந்தால் ப்ரொஃபைலையே பார்க்காமல் விட்டுவிடும். அடுத்து, டேட்டாசெட் பெயரின் முதல் பகுதி அவருடைய ஐடியாகவே இருந்தால் முழு உரிமை. பிறகு ஆக்சஸ் லிஸ்ட்டில் ஐடி. அது இல்லாவிட்டால் குரூப்கள். `குரூப்லிஸ்ட்` முறை இயங்கினால் அவர் சேர்ந்துள்ள எல்லாக் குரூப்களிலும் உயர்ந்தது எதுவோ அது. ஆக, ஒரு குரூப்புக்கு நன் என்று எழுதி ஆளைத் தடுக்கப் பார்த்தால், இன்னொரு குரூப்பின் அப்டேட் அதைத் தாண்டிவிடும். குரூப்பும் இல்லாவிட்டால் நட்சத்திரக்குறி வரி (ராக்எஃப் ஐடி உள்ள எல்லோருக்கும்), பிறகு யூஏசிசி (பட்டியலில் இல்லாத மற்றவர்களுக்கான பொது அனுமதி). அதுவும் போதாவிட்டால்தான் ஆபரேஷன்ஸ் அதிகாரம். ப்ரோகிராம் வழியாக மட்டும் என்பது போன்ற நிபந்தனை அனுமதிகள் தனிப் பட்டியலில் இருக்கும். இதெல்லாம் கை கொடுக்காதபோது அங்கேயும் பார்க்கும்.

தீர்வு: தனி ஐடி வரியை நீக்குங்கள். அந்த வரியையே அப்டேட்டாக உயர்த்தினால் இன்று வேலை ஓடும். அவர் பிரிவு மாறிக் குரூப்பிலிருந்து வெளியேறிய பின்னும் அனுமதி அப்படியே ஒட்டியிருக்கும்.

பெர்மிட்ல டிலீட் போடுறதும் ஆக்சஸ் நன் போடுறதும் ஒண்ணுதானே?

எதிரெதிர் விளைவு தரக்கூடியவை. டிலீட் அந்த வரியையே நீக்கும். பிறகு மேலே சொன்ன வரிசைப்படி குரூப், யூஏசிசி என்று தேடல் கீழே இறங்கும். ஆக்சஸ் நன் என்பது வெளிப்படையான தடை. தேடல் அங்கேயே நிற்கும். "அனுமதியை எடுத்துவிடு" என்று டிக்கெட் வந்தால், ஆளைத் தடுக்க வேண்டுமா, தனிச் சலுகையை மட்டும் நீக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்மிட் போட்டாச்சு, லிஸ்ட்லயும் தெரியுது. இன்னும் 408 வருதே?

டிஸ்க்கில் உள்ள தரவுத்தளம் மாறியிருக்கிறது, நினைவகத்தில் பழைய நகல் இருக்கிறது. ஜெனரிக் (பல பெயர்களுக்குப் பொருந்தும்) டேட்டாசெட் ப்ரொஃபைல்களை ஒவ்வொரு அட்ரஸ் ஸ்பேஸும் (ஓடும் வேலைக்கான நினைவகப் பகுதி) தனக்குள் வைத்திருக்கும். `செட்ராப்ட்ஸ் ஜெனரிக்(டேட்டாசெட்) ரெஃப்ரெஷ்` கொடுத்தால் அவை புதுப்பிக்கப்படும். பொது ரிசோர்ஸ் கிளாஸ் ராக்லிஸ்ட் செய்யப்பட்டிருந்தால் (நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்தால்) `செட்ராப்ட்ஸ் ராக்லிஸ்ட்(கிளாஸ்) ரெஃப்ரெஷ்`. சிஐசிஎஸ் டிரான்சாக்‌ஷன்கள் இந்த வகை.

ஆளைக் குரூப்பில் சேர்த்தது மாற்றம் என்றால் எந்த ரெஃப்ரெஷும் உதவாது. அவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற விவரம் லாகான் நேரத்தில் ஏசிஇஇ என்ற கட்டமைப்பில் எழுதப்படுகிறது. வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் புதியது உருவாகும். விண்டோவை மூடினால் போதாது, முறையாக லாகாஃப் செய்ய வேண்டும். பேட்ச் ஜாபுக்கு இந்தத் தொல்லை இல்லை; மறுபடி சப்மிட் செய்தால் புது ஏசிஇஇ.

ஒரே தரவுத்தளத்தைப் பல சிஸ்டங்கள் பகிர்ந்தால், ராக்எஃப் சிஸ்ப்ளெக்ஸ் தொடர்பு (சிஸ்டங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் ஏற்பாடு) இயங்காதபோது ரெஃப்ரெஷை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். "ஒரு எல்பாரில் ஓடுது, இன்னொண்ணில் ஓடலை" (எல்பார் என்பது மெயின்ஃப்ரேமைப் பிரித்த தனிப் பகுதி) என்று வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு டேட்டாசெட்டுக்கு மட்டும் தனி ப்ரொஃபைல் போட்டேன். ராத்திரி பேட்ச் மொத்தமும் 913ல விழுந்துடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

டெஸ்க்கில் நடக்கும் விபத்துகளில் இதுதான் பெரியது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். `பே.ப்ராட்.**` என்ற ஜெனரிக் ப்ரொஃபைல் இருந்தது. அதில் பேட்ச் ஐடி, `பேஅப்`, `பேரீட்` என்று இருபது வரிகள். நீங்கள் ஒரு தணிக்கையாளருக்காக `பே.ப்ராட்.சேலரி.**` என்று ஒன்றை உருவாக்கி, அவருக்கு மட்டும் ரீட் கொடுத்தீர்கள். அந்த நிமிடம் முதல் சேலரி என்று தொடங்கும் எந்த டேட்டாசெட்டுக்கும் பழைய ப்ரொஃபைல் பொருந்தாது. ராக்எஃப் ஒரே ஒரு ப்ரொஃபைலைத்தான் தேர்ந்தெடுக்கும், பெயரோடு மிக நெருக்கமாகப் பொருந்துவதை. முழுப்பெயர் கொண்ட டிஸ்க்ரீட் ப்ரொஃபைல் இருந்தால் எல்லா ஜெனரிக்குக்கும் முன்னால் அது. மேலே உள்ள பொதுவான ப்ரொஃபைலிலிருந்து எதுவும் வழிந்து கீழே வராது. புதியதில் ஒரு வரிதான் இருந்தது, மற்ற இருபதும் வெளியே நின்றன.

உடனடி மீட்பு: புது ப்ரொஃபைலை `டெல்டிஎஸ்டி` கொடுத்து நீக்கி, ஜெனரிக் ரெஃப்ரெஷ் செய்யுங்கள். ஜெனரிக் ப்ரொஃபைலை நீக்குவதால் டேட்டாசெட் எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம். பழைய ப்ரொஃபைல் மறுபடி பொறுப்பேற்கும்.

முறையாகச் செய்வது இப்படி. முதலில் `லிஸ்ட்டிஎஸ்டி` ஆணையை ஜெனரிக் என்ற சொல்லோடு கொடுத்து, அந்த டேட்டாசெட்டை இப்போது காப்பது எது என்று பாருங்கள். பிறகு `ஆட்எஸ்டி 'பே.ப்ராட்.சேலரி.**' ஃப்ரம்('பே.ப்ராட்.**')` என்று உருவாக்கினால் ஆக்சஸ் லிஸ்ட் நகலாகும். தேவையற்ற வரிகளை அதற்குப் பின் ஒவ்வொன்றாக நீக்குங்கள். `ஆட்க்ரியேட்டர்` முறை இயங்கினால் உங்கள் ஐடியும் ஆல்டருடன் பட்டியலில் ஏறியிருக்கும், அதையும் எடுங்கள். ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிட்டால் டிஎஸ்ஓ உங்கள் ஐடியைப் பெயரின் முன்னால் ஒட்டிவிடும். அப்படிப் பிறந்த அனாதை ப்ரொஃபைல்கள் எல்லாத் தரவுத்தளத்திலும் நாலைந்தாவது கிடக்கும்.

உண்மையில் அந்தத் தணிக்கையாளருக்குத் தனி ப்ரொஃபைலே தேவைப்பட்டிருக்காது. `பேரீட்` குரூப்பில் சேர்த்திருந்தால் போதுமா என்று முதலில் கேட்டிருக்கலாம்.

ஸ்பெஷல், ஆபரேஷன்ஸ், ஆடிட்டர்: இதுல எது பெரிசு?

வேறு வேறு திசைகள். ஸ்பெஷல் உள்ளவர் எந்த ப்ரொஃபைலையும் மாற்றலாம். டேட்டாவைப் படிக்கும் உரிமை அதோடு வராது, ஆனால் தனக்கே பெர்மிட் போட்டுக்கொள்ள முடியும் என்பதால் அந்த வேறுபாடு காகிதத்தில்தான். ஆபரேஷன்ஸ் உள்ளவர் ப்ரொஃபைலை மாற்ற முடியாது, ஆனால் ஆல்டர்வரை எந்த டேட்டாசெட்டையும் தொடலாம். அவருடைய ஐடிக்கோ குரூப்புக்கோ ஆக்சஸ் லிஸ்ட்டில் குறைந்த அனுமதி எழுதியிருந்தால் மட்டும் அது கட்டுப்படும். யூஏசிசி நன் என்று வைப்பது அவரைத் தடுக்காது. ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதைப் பதிவு செய்வது என்ற அமைப்பையும் மாற்றலாம். வெளித் தணிக்கையாளருக்குப் பார்வை மட்டும் போதுமென்றால் ஆர்ஓஆடிட் கொடுங்கள்.

ஸ்டோரேஜ் வேலைக்காக ஆபரேஷன்ஸ் கேட்டு வருபவர்களுக்கு ஃபெசிலிட்டி கிளாஸில் `எஸ்டிஜிஅட்மின்` என்று தொடங்கும் ப்ரொஃபைல்கள் இருக்கின்றன. பேக்கப், ரெஸ்டோர், நகர்த்தல் என்று வேலை வாரியாகக் கொடுக்கலாம்.

வார்னிங் மோட்ல போட்டு வைக்கிறது பாதுகாப்புதானே?

ப்ரொஃபைலில் வார்னிங் இருந்தால், மறுக்கப்பட வேண்டிய அணுகலும் அனுமதிக்கப்படும். எச்சரிக்கைச் செய்தி மட்டும் பதிவாகும். அழிப்பதும் இதில் அடக்கம். புது ப்ரொஃபைலை ஓரிரு வாரம் சோதிக்க நல்ல கருவி. ஆண்டுக்கணக்கில் மறந்து கிடந்தால் கதவே இல்லாத வீடு. `சர்ச் கிளாஸ்(டேட்டாசெட்) வார்னிங்` கொடுத்தால் எவை அப்படி இருக்கின்றன என்று வரிசையாக வரும். மாதம் ஒருமுறை ஓட்டுங்கள்.

பேட்ச் ஜாபை ப்ரொடக்‌ஷன் ஐடியில ஓட்டணும். பாஸ்வேர்டை ஜேசிஎல்லயே எழுதிடலாமா?

கூடாது. ஜேசிஎல் (ஜாபுக்கான ஆணைகள் எழுதிய கோப்பு) லைப்ரரிக்கு ரீட் உள்ள எல்லோரும் அதைப் படிப்பார்கள். சரகேட் கிளாஸில், ப்ரொடக்‌ஷன் ஐடியின் பெயரோடு `.சப்மிட்` சேர்த்து ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். யார் சப்மிட் செய்யலாமோ அவருக்கு, அல்லது ஷெட்யூலரின் ஐடிக்கு, ரீட் கொடுங்கள். ஜாப் கார்டில் யூசர் மட்டும் இருந்தால் போதும், பாஸ்வேர்டு தேவையில்லை. ப்ரொஃபைல் பெயரில் வர வேண்டியது ஓடும் ஐடி, சப்மிட் செய்பவரின் ஐடி அல்ல. மாற்றி எழுதிவிட்டுத் தேடுபவர்கள் நிறைய.

அந்த ப்ரொடக்‌ஷன் ஐடியையும், ஸ்டார்டெட் டாஸ்க்குகளின் (பின்னணியில் ஓடும் சிஸ்டம் சேவைகள்) ஐடிகளையும் ப்ரொடெக்டெட் ஆக்கிவிடுங்கள். அவற்றில் யாரும் பாஸ்வேர்டு போட்டு நுழைய முடியாது. தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டு யாரும் அவற்றைப் பூட்டவும் முடியாது. இல்லாவிட்டால் ஒரு விஷமி ஐந்து நிமிடத்தில் இரவு பேட்ச்சை நிறுத்திவிடலாம்.

ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டார். டெல்யூசர் போட்டா முடிஞ்சுதா?

முடியவில்லை. டெல்யூசர் யூசர் ப்ரொஃபைலையும் குரூப் இணைப்புகளையும்தான் நீக்கும். ஆக்சஸ் லிஸ்ட்டுகளில் அவருடைய ஐடி அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே ஐடி புதியவர் ஒருவருக்குப் போனால், முன்னவரின் அனுமதிகள் எல்லாம் வந்த நாளே அவருக்குக் கிடைக்கும். யாரும் எதையும் கொடுத்ததாகப் பதிவும் இருக்காது. அவர் பெயரில் டேட்டாசெட் ப்ரொஃபைல்கள் மிச்சமிருந்தால் டெல்யூசரே மறுத்துவிடும்.

ஆகவே முதல் நாள் ரிவோக் மட்டும் செய்யுங்கள். பிறகு `ஐஆர்ஆர்டிபியூ00` கொண்டு தரவுத்தளத்தைத் தட்டைக் கோப்பாக இறக்கி, `ஐஆர்ஆர்ஆர்ஐடி00`க்கு அந்த ஐடியைக் கொடுங்கள். எங்கெங்கே அந்தப் பெயர் இருக்கிறதோ, நீக்குவதற்கான ஆணைகளை எழுதித் தரும். அவர் ஓனராக உள்ள இடங்களில் கேள்விக்குறியோடு ஓர் இடம் விட்டிருக்கும். புது ஓனரை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். முழுதும் படித்த பிறகே ஓட்டுங்கள்.

ஆடிட்டர் கேக்கிறார்: "இந்த டேட்டாசெட்டை யாரெல்லாம் தொட முடியும்?" லிஸ்ட்டிஎஸ்டி வெளியீட்டைக் கொடுத்தா போதுமா?

பாதி விடைதான். ஆக்சஸ் லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு குரூப்பையும் விரித்து ஆட்களாகக் காட்ட வேண்டும். அதோடு குளோபல் ஆக்சஸ் டேபிளில் அந்தப் பெயருக்கு வரி உண்டா, வார்னிங் இயங்குகிறதா, ஆபரேஷன்ஸ் உள்ளவர்கள் யார், எஸ்டிஜிஅட்மின் அனுமதி யாருக்கு, ட்ரஸ்டட் அல்லது ப்ரிவிலெஜ்ட் (அனுமதிச் சோதனையைத் தாண்டிச் செல்பவை) என்று குறிக்கப்பட்ட ஸ்டார்டெட் டாஸ்க்குகள் எவை என்பதையும் சேர்க்க வேண்டும். ஸ்பெஷல் உள்ளவர்களைத் தனிப் பட்டியலாக இணையுங்கள்.

"உண்மையில் யார் தொட்டார்கள்" என்பது அடுத்த கேள்வியாக வரும். அது எஸ்எம்எஃப் என்ற சிஸ்டம் பதிவேட்டின் 80ஆம் வகைப் பதிவுகளில் இருக்கும். `ஐஆர்ஆர்ஏடியூ00` வழியாக இறக்கிப் படிக்கலாம். ஆனால் ப்ரொஃபைலின் ஆடிட் அமைப்பு இயல்பாகத் தோல்விகளை மட்டுமே பதிவு செய்கிறது. அனுமதி பெற்றவர் படித்தது பதிவாக வேண்டுமென்றால், சக்சஸ் ஆடிட்டை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். கடந்த மாதத்துக்கு இன்று இயக்க முடியாது. குளோபல் ஆக்சஸ் டேபிள் வழியாகக் கிடைத்த அணுகல் எப்படியும் பதிவாகாது. முக்கியமான டேட்டாவை அந்த டேபிளில் சேர்க்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

ஸ்பெஷல் உள்ள எல்லா ஐடியும் பூட்டிக்கிட்டா என்ன பண்றது?

தவறான பாஸ்வேர்டால் ஸ்பெஷல் ஐடி ஒன்று பூட்டப்படும் கட்டத்தில், ராக்எஃப் உடனே ரிவோக் செய்யாமல் ஆபரேட்டர் கன்சோலில் ஐசிஎச்302டி என்று கேள்வி கேட்கும்: இன்னொரு முயற்சிக்கு ஒய், ரிவோக் செய்ய என். அந்த நேரம் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு என்ன பதில் தர வேண்டும், யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஒய் தட்டினால், கடவுச்சொல்லை யூகிப்பவருக்கு வாய்ப்புக் கொடுத்தது போல.

அவசர ஐடி ஒன்றை ஸ்பெஷலுடன் உருவாக்கி, பாஸ்வேர்டை உறையில் மூடி இருவர் பொறுப்பில் வையுங்கள். செயலற்ற காலக் கணக்கு இந்த ஐடிக்கும் பொருந்தும். மூன்று மாதமாக யாரும் தொடாத அவசர ஐடி, அவசரத்தன்று ரிவோக் ஆகிப் பல்லிளிக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை நுழைந்து, பாஸ்வேர்டை மாற்றி, உறையைப் புதுப்பிக்க வேண்டும். கணினியோடு வரும் ஐபிஎம்யூசர் ஐடியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆரம்ப பாஸ்வேர்டு உலகறிந்தது. உங்கள் முதல் ஸ்பெஷல் ஐடியை உருவாக்கியதும் ஐபிஎம்யூசரை ரிவோக் செய்வதே முறை. `ஆர்வேரி` ஆணையின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள்: யாரும் எதுவும் அமைக்காவிட்டால், ராக்எஃப்பையே நிறுத்தும் அந்த ஆணைக்கு கன்சோலில் "யெஸ்" என்று சொன்னால் போதும்.